ஓவியர் மோனேயின் டேலியா கிழங்குகள்

டேலியா வளர்ப்பவரா நீங்கள்? பூ ஓய்ந்த பிறகு கிழங்கை என்ன செய்கிறீர்கள்? தொட்டியோடு ஓரம் கட்டிவிட்டு, அடுத்த பருவத்தில் முளைக்கவில்லையே என்று புதுக் கிழங்கு வாங்குபவர்கள்தான் அதிகம். அந்தக் கிழங்குகளை ஆண்டுதோறும் தோண்டி, காத்து, மறுபடி எழுப்பிய தோட்டம் ஒன்று பிரான்சில் இருக்கிறது. அதை உருவாக்கியவர் கிளாட் மோனே. உலகம் அவரை ஓவியராகத்தான் அறியும். பூச்செடி வளர்ப்பவர்கள் அவரை நம்மவராகவும் அறிந்துகொள்ளலாம்.

மோனே 1840-ல் பாரிசில் பிறந்தார். வளர்ந்தது லே ஹாவ்ர் என்ற துறைமுக ஊரில். அப்பா வியாபாரி. மகனோ தூரிகையைப் பிடித்துக்கொண்டார். அது நெடுங்காலம் சோறு போடவில்லை. 1870-களில் பாரிசுக்கு அருகே அர்ஜாந்தேய் என்ற ஊரில் வாடகை வீட்டில் இருந்தபோதே தோட்டம் போட்டார். அங்கு அவர் 1873-ல் வரைந்த டேலியா பாத்தி ஓவியம் இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1879-ல் மனைவி கமீல் இறந்துபோனார். கையில் இரண்டு ஆண் பிள்ளைகள். பிறகு அலீஸ் என்ற பெண்மணியும் அவருடைய ஆறு பிள்ளைகளும் சேர, குடும்பம் பத்துப் பேராயிற்று.

இத்தனை பேரோடு 1883 வசந்தத்தில் நார்மண்டி பகுதியின் ஜிவர்னி கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். குடிபோகும் செலவுக்கே படம் வாங்கும் வியாபாரி துரான் ருயேலிடம் முன்பணம் கேட்க வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் அவர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று பூச்செடி நட்டது. காரணம் அழகுணர்ச்சி மட்டும் இல்லை. மோனே வெட்டவெளியில் நின்று வரைபவர். மழை பிடித்தால் வேலை நின்றுவிடும், வருமானமும் நின்றுவிடும். தோட்டத்தில் பூ இருந்தால் கொய்து வந்து சாடியில் வைத்து உள்ளேயே வரையலாம். துரான் ருயேல் தம் வீட்டுக் கதவுப் பலகைகளுக்குப் பூ ஓவியங்கள் கேட்டிருந்தார். அதற்கும் பூ வேண்டும். ஆக, கொய்மலர் அவருக்குத் தொழிலின் மூலப்பொருள்.

இந்த இடத்தில் அந்த ஊரின் குளிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டேலியாவின் தாயகம் மெக்சிகோ. உறைபனி அதற்கு ஆகாது. இலையுதிர்காலத்தில் முதல் உறைபனி விழுந்த மறுநாள் காலையில் இலையெல்லாம் கருகிக் கிடக்கும். அதுவே தோண்டுவதற்கான அறிகுறி. மண்ணுக்குள் பனி இறங்கிவிட்டால் நீர் நிறைந்த கிழங்கு உறைந்து, பிறகு கூழாகிவிடும். தண்டைச் சுமார் 15 செ.மீ. விட்டு வெட்டி, கிழங்கின் கழுத்து முறியாமல் முள்கரண்டியால் சுற்றிலும் நெம்பித் தூக்க வேண்டும். தண்டு உள்ளே குழல் போன்றது. அதில் நீர் தங்கினால் நடுவிலிருந்து அழுகல் தொடங்கும். அதனால் சில நாட்கள் தலைகீழாகக் கவிழ்த்து உலர்த்துவார்கள். பிறகு உலர்ந்த மணலிலோ இலைமக்கிலோ புதைத்து, உறைபனி எட்டாத, 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் உள்ள இருட்டான அறையில் வைப்பார்கள். வைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. மாதம் ஒருமுறை பார்த்து, அழுகியதை வெட்டி எறிய வேண்டும். சுருங்கியதற்கு லேசாக நீர் தெளிக்க வேண்டும்.

பிரித்து நடும்போது நம்மவர்கள் தவறுவது ஓரிடத்தில்தான். உருளைக்கிழங்கைப் போல டேலியா கிழங்கின் உடம்பில் கண் இருக்காது. தண்டும் கிழங்கும் சேரும் கழுத்தில் மட்டுமே கண் இருக்கும். கழுத்துத் துண்டு ஒட்டாத கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது.

மோனேக்கு இந்த நாள் கணக்கெல்லாம் அத்துப்படி. வெளியூர் போகும்போது தோட்டக்காரருக்கு வேலைப் பட்டியல் எழுதிக் கொடுப்பார். அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. குளிர்காலத்தின் கடைசியில் செய்ய வேண்டிய வேலைகள் அதில் இருக்கின்றன. 15-ம் தேதியிலிருந்து 25-க்குள் டேலியா கிழங்குகளை முளைக்க வைக்க வேண்டும். முளை கண்டவற்றின் அடுத்த வேலை அவர் திரும்புவதற்குள் முடிந்திருக்க வேண்டும். பாப்பி சுமார் 300 தொட்டிகள், ஸ்வீட் பீ 60 தொட்டிகள் விதைக்க வேண்டும். எரு, தொட்டி குறைந்தால் வெள்ளிக்கிழமையே வீட்டம்மாவிடம் சொல்ல வேண்டும், சனிக்கிழமை வந்துவிடும். ஓவியர் எழுதியது என்று சொல்லாவிட்டால் ஒரு பண்ணை மேலாளரின் குறிப்பு என்றே நினைப்பீர்கள்.

பாப்பிக்கு எதற்குத் தனித்தனித் தொட்டி? அதற்கு ஆணிவேர், பாத்தியில் விதைத்துப் பிடுங்கி நட்டால் பிழைப்பது கடினம். உறைபனி தாங்கும் பாப்பி, ஸ்வீட் பீ போன்றவற்றை அந்த நாடுகளில் செப்டம்பர், அக்டோபரிலேயே விதைப்பதும் உண்டு. செடி விரல் உயரத்தில் குளிரைக் கழிக்கும். மேலே வளர்ச்சி நின்றதுபோல இருந்தாலும் கீழே வேர் இறங்கிக்கொண்டிருக்கும். வசந்தத்தில் விதைத்ததைவிட முன்னதாகவும் உறுதியான காம்போடும் பூக்கும். நாம் ஐப்பசியில் செண்டுமல்லி விதைத்தால் பொங்கலுக்குப் பூ பறிக்கிறோம். அவர்களுக்கு அக்டோபர் விதைப்பின் பூ அடுத்த ஆண்டு மே, ஜூனில்தான்.

ஜிவர்னியில் ஏழு ஆண்டுகள் வாடகைக் குடித்தனமாகவே செடி வளர்த்தார். 1890-ல்தான் வீட்டையும் நிலத்தையும் 22,000 பிராங்குக்கு வாங்க முடிந்தது. கிராமத்தாரோடு உறவு சுமுகமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒரு நெட்டிலிங்க வகை மர வரிசையை வரைந்துகொண்டிருந்தபோது அது ஏலத்துக்கு வந்தது. மர வியாபாரிக்குப் பணம் கொடுத்து, படம் முடியும்வரை வெட்டாமல் நிறுத்தி வைத்தார். 1893-ல் குளம் வெட்ட ஓடைநீரைத் திருப்ப அனுமதி கேட்டபோது, அயல்நாட்டுச் செடிகள் தண்ணீரை நஞ்சாக்கிவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். கால்நடைக்கும் துணி துவைக்கவும் அந்தத் தண்ணீரை நம்பியிருந்தவர்களின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மோனே கோபப்பட்டார், கடைசியில் அனுமதி கிடைத்தது.

அந்தக் குளத்தின் அல்லிகளைத்தான் பிறகு உலகம் கொண்டாடியது. அல்லிக்குப் பேர் கிடைத்தது சரி; ஆனால் செப்டம்பர், அக்டோபரில் அந்த வீட்டு வாசலை நிறைத்தது டேலியாதான். பல அடுக்குப் பூக்களைவிட ஒற்றை அடுக்குப் பூக்களையே அவர் விரும்பினார். வசதி வந்த பிறகு ஆறு தோட்டக்காரர்கள் வேலை பார்த்தார்கள். காய்கறிக்கு ஊருக்குள் தனி இடம் ஒதுக்கினார்.

1912-ல் இரு கண்களிலும் புரை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நிறம் பிரித்துப் பார்த்து வாழ்ந்தவருக்கு அது எப்படிப்பட்ட செய்தி என்று யோசித்துப் பாருங்கள். வண்ணக் குழாய்களின் பெயரைப் பார்த்து நிறம் தேரும் நிலை வந்தது. 1923-ல் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. 1926 டிசம்பர் 5-ல், 86 வயதில், ஜிவர்னியிலேயே இறந்தார்.

மருமகள் பிளான்ஷ் 1947-ல் தாம் இறக்கும்வரை தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அதன்பின் அது புதர் மண்டிப் போனது. 1970-களின் இறுதியில் சீரமைத்து, 1980-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இப்போது ஏப்ரல் முதல் நவம்பர் முதல் தேதிவரை திறந்திருக்கிறது. பார்வையாளர்கள் போனதும் தோட்டக்காரர்கள் முள்கரண்டியோடு பாத்திக்குள் இறங்குகிறார்கள். டேலியாவைத் தோண்டி, பெயர்ச்சீட்டு கட்டி, உள்ளே கொண்டுபோய் வைக்கிறார்கள்.