பளிங்கை உடைத்த பேரறிஞர் ஹாயூயி

உப்பையும் கற்கண்டையும் நாம் நாள்தோறும் கையாளுகின்றோம். அவற்றின் துணுக்குகள் ஏன் தட்டையான பக்கங்களும் நேரிய விளிம்புகளும் உடையனவாய் இருக்கின்றன என்று நம்மிற் பலர் வினவுவதில்லை. அவ்வினாவை விடாது பற்றி விடை கண்டவர் பிரான்சு தேசத்து ரெனே ஜூஸ்ட் ஹாயூயி. பளிங்கியலின் தந்தை என்று அவரை அறிஞர் போற்றுவர்.

1743 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 இல், சென் ஜூஸ்ட் என்னும் சிற்றூரில், ஓர் ஏழை நெசவாளியின் மகனாக அவர் பிறந்தார். அவ்வூர் மடத்துத் துறவிகள் சிறுவனின் கூர்மையைக் கண்டு கல்வியூட்டினர். பாரிசு நகரில் உதவிப் பணம் பெற்றுப் பயின்று, குருப்பட்டமும் பெற்று, இலத்தீன் மொழி ஆசிரியரானார். (கண்ணிழந்தோர்க்கெனப் பாரிசிற் பள்ளி நிறுவிய வலன்டீன் ஹாயூயி இவருடைய தம்பியே. ஒரு நெசவாளியின் குடிலில் இருவர் இவ்வாறு தோன்றியமை வியப்பன்றோ!)

லோமோன் என்னும் மூத்த ஆசிரிய நண்பர் செடிகொடிகளில் விருப்புடையவர். அவரோடு உலாவச் செல்வதற்காகவே ஹாயூயி தாவரவியல் கற்றார். பின்னர் அரசர் பூங்காவில் டோபந்தோன் நிகழ்த்திய கனிப்பொருள் விரிவுரைகளைக் கேட்டபோது ஓர் ஐயம் அவர் உள்ளத்தில் எழுந்தது. எத்துணையோ சிக்கலான அமைப்புடைய மலரும் தன் இனத்துக்குரிய வடிவம் மாறாது பூக்கின்றது. அமைப்பில் எளிய கல்லோ, ஒரே பொருளாயிருந்தும், ஓரிடத்திற் பட்டகமாகவும் வேறோரிடத்திற் கூம்பாகவும் தோன்றுவதேன்?

1781 ஆம் ஆண்டளவில் நண்பரொருவரின் சேகரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கையில், கல்சைற்று என்னும் சுண்ணப் பளிங்கொன்று அவர் கைதவறி வீழ்ந்து உடைந்தது. அது அறுபக்கப் பட்டகம். உடைந்த துண்டின் உட்பக்கமோ சாய்சதுர முகங்களோடு பளபளத்தது. வீடு சென்ற ஹாயூயி, தாம் அரிதிற் சேர்த்த பளிங்குகளையே எடுத்து உடைக்கலானார். வெளிவடிவம் எதுவாயினும், எல்லாக் கல்சைற்றும் ஒரே சாய்சதுரத் திண்மமாகவே பிளந்தது! பளிங்கை உடைப்பவர் என்று சமகாலத்து அறிஞர் ரொமே த லீல் இகழ்ந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

அவர் கொண்ட கொள்கை இது. கண்ணுக்குப் புலனாகாத நுண்கட்டிகள் செங்கல் அடுக்கினாற்போல் அடுக்கப்பட்டே பளிங்கு உருவாகின்றது. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு வரிசையோ இருவரிசையோ குறைந்து செல்ல, சாய்ந்த முகம் பிறக்கும். அண்மையிற் படிப்படியாய்த் தோன்றும் கோபுரம் தொலைவில் நிற்பார்க்கு ஒரே சரிவாய்த் தெரிவதுபோல, பளிங்கின் படிகளும் தம் நுண்மையால் மழமழப்பான முகமாய்த் தோன்றுகின்றன. குறையும் வரிசைகள் சிறிய முழுவெண்களாகவே அமைவதால் முகங்களின் கோணங்களைக் கணக்கிட்டே கூறலாம். 1783 இல் விஞ்ஞானக் கழகம் அவரை அங்கத்தவராக்கியது. அதுவும் தாவரவியற் பிரிவிலேயாம்!

புரட்சிக் காலத்தில், அரசு கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்த குருவாகையால், 1792 ஆகத்து மாதத்திற் சிறைப்பட்டார். அங்கும் தம் பளிங்குப் பெட்டிகளை வரவழைத்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். இருபது வயது மாணவர் ஜொப்ருவா சென் இலேர் அங்குமிங்கும் ஓடி விடுதலைக் கட்டளையைப் பெற்றுவந்தார். நேரமாயிற்று, நாளைக்கு வருகிறேன் என்ற எண்ணத்தில் ஆசிரியர் அவ்விரவும் சிறையிலேயே தங்கினாராம்! செப்டெம்பர் தொடக்கத்தில் அச்சிறையிலிருந்த குருமாரிற் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பின்னர் லவோசியே சிறைப்பட்டபோது, அவருக்காக மனு எழுதத் துணிந்த மிகச் சிலருள் ஹாயூயியும் ஒருவர்.

1801 இல் அவரது கனிப்பொருளியற் பெருநூல் வெளிவந்தது. ஆயினும் அவரிடத்தும் ஒரு குறை இருந்தது. கல்சைற்றின் கோணம் 104 பாகை 28 கலை என்று அவர் கொண்டார். 1809 இல் ஆங்கிலேயராகிய வொலஸ்டன், ஒளி தெறிக்கும் கருவியால் அளந்து, 105 பாகை 5 கலை எனக் காட்டினார். ஹாயூயி ஏற்கவில்லை. தம் அளவு எளிய விகிதத்தைத் தருவதால் இயற்கை அதனையே விரும்பும் என நம்பினார். குறையற்ற ஒழுங்கின்மேல் அவர் வைத்த காதலே அவர் கண்ணை மறைத்தது.

1815 இன் பின் உதவிப் பணம் இழந்து வறுமையுற்றார். தம் அறையில் வீழ்ந்து தொடையெலும்பு முறிந்து கிடந்த காலத்தும் நூலின் மறுபதிப்பைத் திருத்திவந்தார். 1822 யூன் மாதத்தில் மறைந்தார்.

1912 இல் லாவேயின் எக்ஸ் கதிர்ச் சோதனை, பளிங்கினுள் அணுக்கள் வரிசையொழுங்காய் நிற்பதை மெய்ப்பித்தது. ஆனால் அவ்வொழுங்கு எங்கும் முழுமையாய் இருப்பதில்லை. அணு இருக்கவேண்டிய இடம் சில வேளை வெறிதாயிருக்கும். சில இடங்களில் அந்நிய அணு குடிபுகும். குருந்தக்கல் தூயதாயின் நிறமற்றது. அலுமினிய அணுக்கள் சிலவற்றின் இடத்திற் குரோமியம் புகுந்தாற் சிவப்புக் கல்லாகும். இரும்பும் தைத்தானியமும் புகுந்தால் இரத்தினபுரியில் எடுக்கும் நீலக்கல்லாகும். ஐரோப்பியர் வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து பிறந்ததுதான்.

உலோகத்தின் கதை இன்னும் விந்தையானது. அணுவரிசை குறையற்றதாயின், இரும்புக் கம்பியை வளைக்கப் பன்னூறு மடங்கு வலிமை வேண்டும் எனக் கணக்குக் காட்டிற்று. 1934 இல் டெயிலர், ஒரோவான், போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே விடை கண்டனர். பெரிய பாயை முழுவதும் ஒருங்கே இழுப்பது கடினம். ஓரத்தில் ஒரு சுருக்கம் உண்டாக்கி அதைத் தள்ளிச் சென்றாற் பாய் எளிதில் நகரும். அணுவரிசையிலுள்ள பிறழ்வும் அச்சுருக்கம்போல் ஊர்ந்து செல்கின்றது. கொல்லன் இரும்பை அடித்து வளைப்பதும் தட்டான் பொன்னைக் கம்பியாய் இழுப்பதும் இப்பிறழ்வினாலேதான்.

ஹாயூயியின் பளிங்குக் கொள்கையை விளக்கச் செய்த நூற்றுக்கணக்கான மர மாதிரிகள் ஒல்லாந்து தேசத்து ஹார்லெம் நகர அரும்பொருட்சாலையில் உள்ளன. பாரிசின் ஐபெல் கோபுரத்தில் எழுதப்பெற்ற 72 அறிஞர் பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று.