கோவளத்துக் கிணறும் ஐந்து பவுண்டு குமாஸ்தாவும்

மலர்க் குழுவிலிருந்து போன் செய்தபோது, கல்லூரி நாட்களைப் பற்றி ஏதாவது எழுது என்றுதான் கேட்டார்கள். ஹாஸ்டல் சாம்பார், ஒர்க்‌ஷாப் ஃபைலிங், அரியர் பேப்பர் எல்லாவற்றையும் மற்ற நண்பர்கள் என்னைவிட நன்றாகவே எழுதிவிடுவார்கள். எனக்கு இந்த ஆறு மாதமாக மனசில் ஓடிக்கொண்டிருப்பது வேறொரு ஆள். அவர் இறந்தே இருநூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது. பேரைச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பையன்கூட அடையாளம் சொல்வான். ராபர்ட் கிளைவ்.

மெக்கானிக்கல் படித்தவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

தை மாதம் என் ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பத்தோடு திருவிடந்தை போயிருந்தேன். நித்ய கல்யாணப் பெருமாள் கோயில். அண்ணன் மகளுக்கு வரன் தள்ளிக்கொண்டே போகிறது. மாலையைப் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றினால் நடக்கும் என்று அண்ணிக்கு நம்பிக்கை. அவர்கள் சுற்றிக்கொண்டிருக்க, நானும் அண்ணன் மகனும் வெளியே நின்றோம். அவனுக்குப் பத்தொன்பது வயசு. காலேஜை இரண்டாம் வருஷத்திலேயே விட்டுவிட்டான். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று ஒரு ஏஜென்ட் பணம் கேட்டிருக்கிறாராம். அங்கே போய் என்ன வேலை பார்ப்பாய் என்று கேட்டேன். ஹெல்ப்பர் என்று போட்டிருக்கிறார்கள், போனால் பார்த்துக்கலாம் சித்தப்பா என்றான். கையில் என்ன தொழில் இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் கோவளம். கடலைப் பார்க்க அவனை அங்கே கூட்டிப்போய், டீ குடிக்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே ஸ்டைச் என்ற ஊரில் 1725 செப்டம்பர் 29-ல் கிளைவ் பிறந்தார். நிலம் இருந்தும் பணம் புரளாத குடும்பம். அப்பா வக்கீல். பதின்மூன்று பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். பள்ளிக்கூடம் மாற்றி மாற்றிப் போட்டார்கள். எங்கேயும் படிப்பு ஏறவில்லை. மார்க்கெட் டிரேட்டன் ஊர் சர்ச் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து ஊரையே பதற வைத்தார், கூட்டம் சேர்த்துக்கொண்டு கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கினார் என்றெல்லாம் அந்த ஊரில் கதை உண்டு. கடைசியில் கணக்கு எழுதவும் கையெழுத்து திருத்தவும் ஒரு பள்ளியில் கொஞ்ச நாள் பழக்கினார்கள். அவ்வளவுதான் அவர் கற்ற தொழில்.

இப்படிப்பட்ட பையனை என்ன செய்வது? அப்பா, தெரிந்தவர்களைப் பிடித்து, கிழக்கிந்தியக் கம்பெனியில் ரைட்டர் வேலை வாங்கிக் கொடுத்தார். நம் போலீஸ் ஸ்டேஷனில் இன்றைக்கும் ரைட்டர் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். எழுத்து வேலை பார்க்கும் குமாஸ்தா. சம்பளம் வருஷத்துக்கு 5 பவுண்டு. பதினேழு வயசில், 1743-ல் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

கப்பல் நேராக வந்து சேரவில்லை. பிரேசில் கரையில் தரைதட்டி, பழுது பார்த்துப் புறப்பட ஒன்பது மாதம் ஆயிற்று. கையிலிருந்த காசெல்லாம் அங்கேயே கரைந்தது. கொஞ்சம் போர்த்துகீசிய பாஷை மட்டும் மிச்சம். 1744 ஜூனில் சென்னைக் கரையில் இறங்கும்போது பதினெட்டு வயசு. கப்பல் கேப்டனிடம் வட்டிக்கு வாங்கிய கடன் தலைமேல். யாரைப் போய்ப் பார் என்று சிபாரிசுக் கடிதம் கொடுத்தார்களோ, அந்த மனிதர் அதற்குள் சீமைக்கே திரும்பிவிட்டார். ஏஜென்ட் கொடுத்த நம்பர் சுவிட்ச்டு ஆஃப் என்று ஏர்போர்ட்டில் நிற்கிற நம் பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். கடன், பாஷை தெரியாமை, தனிமை: மூன்றும் அன்றைக்கும் இருந்தது.

கோட்டைக்குள் வேலை என்னவென்றால், துணி மூட்டை எண்ணுவது, சரக்கைச் சரிபார்ப்பது, பேரேடு எழுதுவது. அந்தத் துணியை நெய்தவர்கள் யார்? நம் நெசவாளிகள். அதற்குப் பத்து வருஷம் முன்புதான், 1734-ல், கம்பெனி சிந்தாதிரிப்பேட்டையில் நெசவாளிகளையும் நூற்பவர்களையும் சாயக்காரர்களையும் குடியேற்றியிருந்தது. தொழில் தெரிந்தவர்கள் நெய்தார்கள். தொழில் தெரியாத பையன் அவர்கள் நெய்ததை எண்ணினான். கம்பெனி கொடுத்த 5 பவுண்டை நம்பி யாரும் வரவில்லை. சொந்தமாகச் சைடில் வியாபாரம் பண்ணிக்கொள்ள அனுமதி உண்டு என்பதுதான் கவர்ச்சி. ஆனால் அதற்கும் முதல் வேண்டுமே.

சும்மா இருந்த நேரத்தில் கவர்னரின் நூலகத்தில் புத்தகம் படித்தார். ஊர் ஏக்கம் வாட்டியது. யாரோடும் ஒட்டவில்லை. மனம் வெறுத்துத் துப்பாக்கியைத் தன் மேலேயே திருப்பினார், இரண்டு முறையும் அது வெடிக்கவில்லை என்று ஒரு கதை அவர் பேரோடு சேர்ந்தே வருகிறது. அது எவ்வளவு நிஜமோ, அந்தப் பையனின் மனநிலை நிஜம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் நம் பாஷை ஒன்றையும் அவர் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. கடைசிவரை துபாஷிகள் துணைதான்.

அவரைத் தூக்கிவிட்டது திறமை மட்டுமல்ல, சண்டை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். கிளைவ் மாறுவேஷம் போட்டு ஒரு நண்பரோடு தப்பித்து, கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1747-ல் பேனாவை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். சண்டையில் பயம் என்பதே தெரியாத ஆள் என்று அங்கேதான் பேர் வந்தது. சண்டை ஓய்ந்தபோது கமிசரி வேலை கிடைத்தது. அதாவது படைக்கு அரிசியும் மாடும் கூலியாளும் சப்ளை செய்வது. சொத்து சேர்ந்தது முக்கியமாக அதில்தான். வாளில் வந்த புகழைப் பாடுகிறவர்கள், அரிசியில் வந்த காசைச் சொல்வதில்லை.

1751-ல் ஆற்காடு. சுமார் 200 ஐரோப்பியர்களும் 300 சிப்பாய்களுமாகப் போய், நவாபின் தலைநகரைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அரிசி தீர்ந்துவரும்போது, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சிப்பாய்கள் சொன்னதாக வெள்ளைக்காரர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆற்காட்டு வீரர் என்ற பேர் ஒருவருக்குத்தான் கிடைத்தது. கஞ்சி குடித்தவர்களின் பேர் எந்தப் பலகையிலும் இல்லை.

அடுத்த வருஷம், 1752 செப்டம்பரில், கிளைவ் நம் பக்கம் வருகிறார். கோவளத்திலும் செங்கல்பட்டிலும் இருந்த கோட்டைகள் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். அவற்றைப் பிடிக்க அவருக்குக் கொடுத்த ஆட்கள் யார் தெரியுமா? புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்கள். அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய 200 ஆங்கிலேயப் பையன்கள். லண்டன் சாராயக்கடைகளிலும் சந்துகளிலும் ஆள்பிடிக்கிற தரகர்கள் வளைத்துப் பிடித்து அனுப்பிய கூட்டம். துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே சரியாகத் தெரியாது. கோவளத்தில் முதல் குண்டு வந்து விழுந்ததும் மொத்தப் பேரும் திரும்பி ஓடினார்கள். கிளைவ் குண்டு விழும் இடத்தில் தானே போய் நின்று, அவர்களை வெட்கப்பட வைத்து நிறுத்தினார். காவலுக்கு நின்ற ஒரு பையனைக் காணோம் என்று தேடினார்கள். பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து ஒரு கிணற்றின் அடியில் போய் ஒளிந்திருந்தான்.

கோவளம் விழுந்தது. உதவிக்குச் செங்கல்பட்டிலிருந்து வந்த படையை வழியிலேயே மறைந்திருந்து தாக்கினார். முதல் சுற்றிலேயே நூறு பேர் செத்தார்கள். பிறகு செங்கல்பட்டுக் கோட்டையும் சரணடைந்தது. இன்றைக்கு அந்தக் கோட்டை வளாகத்தைக் கிழித்துக்கொண்டுதான் ரயில்பாதை போகிறது. கல்லூரி நாட்களில் கொளவாய் ஏரிக்காற்று வாங்கிக்கொண்டு எத்தனை தடவை அதைக் கடந்திருப்போம்! யாராவது ஒருநாள் திரும்பிப் பார்த்தோமா?

மீதிக் கதை பாடப்புத்தகத்தில் உண்டு. 1753-ல் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கலினை மணந்து ஊர் திரும்பினார். அப்பாவின் கடனை அடைத்தார். தேர்தலில் பணத்தைக் கரைத்தார். 1755-ல் மறுபடி வந்தார். 1757 ஜூன் 23-ல் பிளாசி. சண்டையைவிடச் சதிதான் அங்கே வேலை செய்தது. நவாபான மீர் ஜாபர் கொடுத்ததில் கிளைவின் பங்கு மட்டும் 2,34,000 பவுண்டு. அதற்குமேல் வருஷா வருஷம் ஜாகீர் வருமானம். ஐந்து பவுண்டில் ஆரம்பித்த கணக்கு இது. 1765-ல் வங்காளம், பீகார், ஒரிசாவின் வரி வசூல் உரிமையை முகலாயப் பேரரசரிடமிருந்து கம்பெனிக்கு எழுதி வாங்கினார். துணி வாங்க வந்த கம்பெனி, வரி வாங்கும் சர்க்கார் ஆனது. 1769-70-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்து, ஒரு கோடிப் பேர் வரை மாண்டதாகக் கணக்கு. கிளைவ் அதற்கு முன்பே, 1767-ல், ஊர் போய்விட்டார் என்பது உண்மை. ஆனால் பஞ்சத்திலும் நிற்காத அந்த வசூலுக்குக் கால்கோள் இட்டவர் அவர்தான்.

சீமையில் அவரைக் கண்டு பொறாமைப்பட்டவர்கள் உண்டு, அருவருத்தவர்களும் உண்டு. 1773-ல் பார்லிமென்டில் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். கடைசியில் நாட்டுக்கு நல்ல சேவை செய்தார் என்று தீர்மானம் போட்டு விட்டுவிட்டார்கள். ஆனால் உடம்பு சுகமில்லை. வலிக்கு அபின். இளவயதில் வந்த அந்த மன இருட்டும் விட்டபாடில்லை. 1774 நவம்பர் 22-ல், நாற்பத்தொன்பது வயசில் செத்துப்போனார். பிறந்த ஊர்ப் பக்கத்து மார்ட்டன் சே தேவாலயத்தில், பேர் பொறிக்காத குழியில் புதைத்தார்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். அண்ணன் மகனுக்குக் கிளைவை நிரம்பப் பிடித்துப்போயிற்று என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒன்றும் தெரியாமல் வந்த ஆள்தானே, எப்படி மேலே வந்தான் பாருங்கள் என்றான். தப்பு என் மேல்தான். கதையை அப்படிச் சொல்லிவிட்டேன். அவனிடம் சொன்னேன்: கிளைவ் வந்தது ஒரு கம்பெனியின் துப்பாக்கியோடு, நீ போகப்போவது அடுத்தவன் கம்பெனிக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு. தொழில் இல்லாமல் கப்பல் ஏறினவர்கள் ஆயிரக்கணக்கில். அதில் கிளைவ் ஒருத்தர். நம்மைப் போன்றவர்கள் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியது அந்தக் கிணற்றுப் பையனை. அந்த ஒருத்தரும், தொழில் தெரியாத குறையை நிரப்பிக்கொண்டது இன்னொருவன் நிலத்தையும் உழைப்பையும் வைத்துத்தான். அந்த வழி உனக்கு வேண்டாம்.

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அந்தக் கிணற்றுப் பையன் என்ன ஆனான் சித்தப்பா என்று கேட்டான். அவன் பேரைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை என்றேன். எனக்கு அதுதான் தெரியும்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. நம் செட்டில் பாதிப்பேர் வெளியே போய்ச் சம்பாதித்துத்தான் வீடு கட்டினோம், தங்கைகளைக் கரையேற்றினோம். ஆறு மாதம் வெல்டிங் கற்றுக்கொள், பிறகு போ என்றேன். எங்கள் யூனிட்டில் தெரிந்த ஃபோர்மேனிடம் விட்டிருக்கிறேன். முதல் வாரம் கண்ணெரிச்சல் என்று வரவில்லை. இப்போது வருகிறான். ஏஜென்ட்டிடம் கொடுத்த அட்வான்ஸ் இன்னும் திரும்பவில்லை. அது வேறு கதை. தமிழக அரசுக்கே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது என்பது அண்ணனுக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது.

நண்பர்களே, நம் சங்கத்தில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். துபாயிலும் மஸ்கட்டிலும் ஆள் எடுக்கிற இடத்தில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். இந்தச் சந்திப்பில் ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று ஆளுக்கு இரண்டு பேருக்கு ஒரு கைத்தொழில் சொல்லிக்கொடுப்போம். அவர்கள் காட்டுகிற விசாப் பேப்பரை ஒரு முறை வாங்கிப் படித்துப் பார்ப்போம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிறேன். விருப்பமுள்ளவர்கள் வந்து பேர் கொடுங்கள்.