மாண்டிசோரி அம்மா

டவுன் பக்கம் போகும்போது மாண்டிசோரி பள்ளி என்று போர்டு பார்த்திருப்பீங்க. அது ஒரு அம்மாவோட பேரு. அவங்களைப் பற்றித்தான் எழுதப் போறேன்.

மரியா மாண்டிசோரி 1870-ல் இத்தாலி நாட்டில் பிறந்தாங்க. டாக்டருக்குப் படிக்கணும்னு சொன்னப்போ அப்பாவுக்கு இஷ்டமில்லை, அம்மாதான் துணை நின்னாங்க. ஆம்பிளைப் பசங்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிக்கக் கூடாதுன்னு, எல்லோரும் போன பிறகு தனியா நின்னு படிச்சாங்களாம். 1896-ல் டாக்டர் ஆயிட்டாங்க.

கல்யாணம் ஆகாமலே ஒரு மகன் பிறந்தான், பேரு மரியோ. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர விட்டாங்க. பெத்த பிள்ளையை விட்டுட்டு மற்ற பிள்ளைகளைப் பார்த்த மனசு என்ன பாடுபட்டிருக்கும்! வளர்ந்த பிறகு அவர் அம்மாவிடமே வந்து கடைசிவரை கூட இருந்தார்.

ரோம் நகரில் சான் லோரென்சோ என்று ஏழைகள் இருக்கும் பகுதி. தாய் தகப்பன் வேலைக்குப் போனதும் பிள்ளைங்க மாடிப்படியில ஓடி, சுவரைக் கிறுக்கிக் கெடுத்தாங்க. கட்டடக்காரங்க அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கச் சொல்லி இவங்களைக் கூப்பிட்டாங்க. 1907 ஜனவரி 6-ல் தொடங்கிச்சு. ஐம்பதுக்கு மேல் பிள்ளைங்க. முதல் நாள் ஒரே அழுகை.

ஒரு நாள் கைக்குட்டையை எடுத்து, சத்தம் வராமல் மூக்கை எப்படித் துடைப்பதுன்னு செஞ்சு காட்டினாங்க. பிள்ளைங்க சிரிக்கலை. எல்லோரும் கை தட்டினாங்க. மூக்கு ஒழுகுதுன்னு திட்டு வாங்கியே பழகின பிள்ளைங்க, கேலி செய்யாமல் சொல்லித் தர ஒருத்தர் வந்ததும் சந்தோஷம் தாங்கலை. வாசல் வரை பின்னாடியே வந்தாங்களாம். இதைப் படிச்சப்போ எனக்குக் கண் கலங்கிப் போச்சு. நாம எத்தனை பேர் முன்னாடி வச்சு பிள்ளையைத் திட்டுறோம்!

அங்கே ஒவ்வொரு சாமானும் ஒண்ணே ஒண்ணுதான். ஒருத்தன் அடுக்கி முடிச்சு திரும்ப வைக்கிற வரை அடுத்தவன் காத்திருக்கணும். ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்தா சண்டை வராதுன்னு நாம நினைப்போம், அவங்க யோசனை வேற. தன் முறை வரும்னு தெரிஞ்ச பிள்ளை பிடுங்கலை. பெரிய பிள்ளைங்க சின்னதுகளுக்குப் பட்டன் போட உதவி செஞ்சாங்க.

அதுக்காக அடிச்சு விளையாடினா சும்மா விட்டாங்கன்னு இல்லை. அடுத்த பிள்ளையைத் தொந்தரவு செய்றவனைத் தனியா ஒரு வசதியான நாற்காலியில், மற்றவங்க வேலை செய்றது தெரியற மாதிரி உட்கார வைப்பாங்க. அவனுக்குப் பிடிச்ச சாமானும் கொடுப்பாங்க. டீச்சர் உள்ளே வந்ததும் முதலில் அவனிடம்தான் போவாங்க, காய்ச்சல்கார பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. உட்கார்ந்து பார்த்தே அவன் அடங்கிடுவான். அடியும் இல்லை, முட்டி போடச் சொல்றதும் இல்லை.

அந்த அம்மா நம்ம ஊருக்கும் வந்திருக்காங்க, தெரியுமா? 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, ஓலைக் கொட்டகையில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தாங்க. இத்தாலி மொழியில் பேசுவாங்க, மகன் ஆங்கிலத்தில் சொல்வார். அடுத்த வருஷம் போரில் இத்தாலி எதிரி நாடு ஆனதும் வெள்ளைக்கார அரசு மரியோவைப் பிடிச்சு அடைச்சிடுச்சு. 1940 ஆகஸ்ட் 31, அம்மாவுக்கு 70 வயசு நிறைஞ்ச அன்னைக்கு விடுதலை பண்ணினாங்க. அதுக்கப்புறம் கொடைக்கானலிலும் கொஞ்ச காலம் இருந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாங்க.

1952 மே 6-ல் நெதர்லாந்து நாட்டில் காலமானாங்க. பிறகு இத்தாலி அரசு 1000 லிரா நோட்டில் அவங்க முகத்தை அச்சடிச்சது. நோட்டின் பின்பக்கம் இரண்டு பிள்ளைங்க உட்கார்ந்து படிக்கிற படம்.