கண்ணனுக்கு ஆளான விமானி: ஸ்ரீ கிருஷ்ணப்பிரேமர்

1914 அக்டோபர் 28 ஆம் நாள் விடியற்காலையில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் பினாங்குத் துறைமுகத்தினுள் புகுந்து, அங்கு நின்ற ரஷ்யக் கப்பலொன்றை மூழ்கடித்த செய்தியை நம் ஊரார் நன்கு அறிவர். அந்த முதல் உலகப் போரில் ஐரோப்பாவின் வான்வெளியில் போர் விமானம் ஓட்டிய ஆங்கில இளைஞர் ஒருவர், பின்னர் பல்கலைக்கழக ஆசிரியராகி, இறுதியில் இமயமலைச் சாரலில் இராதாகிருஷ்ணர் ஆலயம் எழுப்பி, அதன் பூசகராகவே வாழ்ந்து மறைந்தார். ரொனால்ட் நிக்ஸன் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். ஸ்ரீ கிருஷ்ணப்பிரேமர் என்பது குரு இட்ட பெயர்.

அவர் 1898 மே 10 இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடித்ததும் போர் அழைத்தது. 1917 இல் பிரிட்டிஷ் விமானப் படையில் அதிகாரியானார். ஒரு நாள் விண்ணில் பறந்துகொண்டிருந்தபோது எதிரே சில விமானங்கள் தென்பட்டன. தம் படையினரே என்றெண்ணி அவற்றோடு சேர முற்பட்டார். அந்நொடியில் கண்ணுக்குத் தெரியாத ஆற்றலொன்று அவர் கையைப் பற்றி விமானத்தைத் திருப்பச் செய்தது. அவை பகைவரின் விமானங்கள் என்பது பின்னரே தெரியவந்தது. உயிர் பிழைத்ததை விட, தம்மைக் காத்தது யாது என்ற வினாவே அவர் உள்ளத்தில் பெரிதாய் நின்றது.

போர் ஓய்ந்ததும் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்றார். ஆயினும் அவர் தேடியது இலக்கியம் அன்று. வேதாந்தம், பௌத்தம், பாலி மொழி என அவர் நாட்டம் கீழ்த்திசை நோக்கியே சென்றது. 1921 இல், புதிதாகத் தொடங்கப்பெற்ற லக்னோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி கிடைத்தபோது, அதனை ஒரு வாயிலாகக் கொண்டு பாரதம் வந்து சேர்ந்தார்.

அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஞானேந்திரநாத் சக்கரவர்த்தி. சுவாமி விவேகானந்தர் முழங்கிய 1893 ஆம் ஆண்டுச் சிகாகோ சமயப் பேரவையில் தாமும் கலந்துகொண்டவர். அவர் இல்லத்திலேயே நிக்ஸன் தங்கினார். துணைவேந்தரின் துணைவியார் மோனிகா தேவியார் விருந்துகளை முன்னின்று நடத்தும் நாகரிகச் சீமாட்டியாகவே ஊராருக்குத் தெரிந்தவர். ஆயினும், விருந்தின் நடுவே அவர் சற்று நேரம் மறைவதையும், திரும்பி வரும்போது முகத்தில் தனியொரு ஒளி திகழ்வதையும் நிக்ஸன் கவனித்தார் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். பூசையறையில் கண்ணனைத் தொழுதுவிட்டு வரும் ஒளி அது என்று அறிந்தார். தாம் கடல் கடந்து தேடி வந்த குரு, தமக்கு உணவு பரிமாறும் அன்னையே என்று தெளிந்தார்.

அது எத்தகைய காலம் என்பதை இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலாயாவில் தோட்டத் துரைமார்கள் முன் நம் முன்னோர் கைகட்டி நின்ற காலம். வெள்ளையர் மன்றங்களில் உள்ளூர் மக்களுக்கு இடமில்லாத காலம். பாரதத்தின் நிலையும் வேறன்று. அத்தகைய நாளில், ஆளும் இனத்தைச் சேர்ந்த படை அதிகாரி ஒருவர் இந்தியப் பெண்மணி ஒருவரின் திருவடியில் வீழ்ந்து வணங்கினார். தம் இனத்தார் நகைப்பர் என்பதும், நம்மவர் ஐயுறுவர் என்பதும் அவர் அறியாதவை அல்ல.

1928 இல் மோனிகா தேவியார் ஸ்ரீ சைதன்யர் வழிவந்த கௌடீய வைணவ நெறியில் துறவு பூண்டு யசோதா மாயி ஆனார். சிறிது காலத்தில் நிக்ஸனும் அவரிடம் துறவு ஏற்றார். சம்பளம் வாங்கிய கைகள் அல்மோரா வீதிகளில் பிட்சைப் பையை ஏந்தின. 1930 இல் குருவும் சீடரும் அல்மோராவை அடுத்த மிர்தோலாவில் ஆசிரமம் அமைத்தனர். ஏறத்தாழ 7,000 அடி உயரமுள்ள இடம் அது. நம் பினாங்குக் கொடிமலையைப் போல் இரு மடங்குக்கும் மேல். உத்தர பிருந்தாவனம் என்று அதற்குப் பெயரிட்டனர்.

அங்கு எழுந்த ஆலயத்தில் பூசை முறைகள் சிறிதும் வழுவாமல் நடந்தன. இறைவனைத் துயிலெழுப்புதல், திருமஞ்சனம், அலங்காரம், நைவேத்தியம், ஆரத்தி அனைத்தும் நியமப்படி நிகழ்ந்தன. மலைக்குளிர் அதற்குத் தடையாகவில்லை. நைவேத்தியத்தைக் கிருஷ்ணப்பிரேமரே ஆசாரத்தோடு சமைத்தார். இறைவனுக்குப் படைக்காத எதனையும் உண்ணார். பிறப்பால் இந்து அல்லாதவர் திருமேனி தீண்டலாமா என்ற கேள்வி அன்றைய வைதிகர்களிடையே எழாதிருக்க இயலாது. அவர் அதற்கு வாதம் புரிந்து விடை தேடவில்லை. நாள்தோறும் பூசை செய்துகொண்டிருந்தார். காலப்போக்கில் மக்கள் அவரை வைணவப் பெரியாராகவே ஏற்றனர். ஆங்கிலேய மருத்துவர் அலெக்ஸாண்டர் என்பாரும் அங்கு வந்து ஹரிதாஸ் என்னும் பெயரோடு துறவியானார்.

ஆசிரியப் பணி அவரை முற்றும் விட்டு நீங்கவில்லை. பகவத்கீதைக்கும் கடோபநிடதத்துக்கும் ஆங்கிலத்தில் விளக்க நூல்கள் எழுதினார். புதுவை ஆசிரமத்திலிருந்த இசைமேதை திலீப்குமார் ராய்க்கு அவர் எழுதிய கடிதங்களை ஸ்ரீ அரவிந்தரும் படித்துப் பாராட்டினார்.

1944 இல் யசோதா மாயி மறைந்தபின் ஆசிரமப் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. மலையை விட்டு அரிதாகவே இறங்கும் அவர், 1948 இல் தென்னாடு வந்தார். புதுவையில் ஸ்ரீ அரவிந்தரையும், திருவண்ணாமலையில் ரமண மகரிஷியையும் தரிசித்தார். மகரிஷியின் முன் மௌனமாய் அமர்ந்திருந்தபோது, நீ யார் என்னும் வினா தம்முள் இடையறாது எழுந்ததாகவும், கண்ணனின் அடியவன் என்ற விடை அவ்வினாவை அடக்கவில்லை என்றும் அவர் கூறியதாக வரலாறு உண்டு.

பிற்காலத்தில் ஆசாரக் கட்டுப்பாடுகள் சிலவற்றை அவரே தளர்த்தினார். இதனைக் குறையாகக் கருதுவாரும் உளர். ஆயினும், இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விதியும் பிசகாமல் நடந்தவர் தளர்த்துவது வேறு, தொடங்கும் முன்னரே சலுகை கேட்பது வேறு.

1965 நவம்பர் 14 ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப் பின் ஆசிரமத்தை நடத்தியவர் மாதவ ஆசிஷ். அவரும் பிரிட்டனைச் சேர்ந்தவர், அவரும் விமானங்களோடு பழகிய பொறியாளரே. இந்திய அரசு 1992 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. வானில் பறந்த கிருஷ்ணப்பிரேமரோ, கடைசி நேரத்தில் தம் கப்பல் புறப்படுகிறது என்று மட்டும் சொல்லிக் கண் மூடினார் எனத் திலீப்குமார் ராய் எழுதி வைத்துள்ளார்.