வசவுக்கு ஆளான வசந்தசேனை!

வசந்தசேனை! இந்தப் பெயரைச் சொன்னால் போதும், மூத்த தோழர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அரண்மனைக்குள் புகுந்த அரவம், அரசனை மயக்கிய மாது, அரசியை அழவைத்த வஞ்சகி என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். 1954 மார்ச் 3-ஆம் நாள் வெளிவந்தது 'மனோகரா'. எழுபது ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. கொட்டகைகள் மறைந்தன, படச்சுருளே மறைந்தது. ஆனாலும் வசந்தசேனை மட்டும் மறையவில்லை. ஊரிலே ஒரு பெண் சற்று நிமிர்ந்து நடந்தால், நாலு வார்த்தை எதிர்த்துப் பேசினால், அவளைத் தூற்ற ஆயத்தமாக நிற்கும் வசவுச் சொல்லாக இன்றும் வாழ்கிறது அந்தப் பெயர்.

தோழர்களே, உங்களை ஒன்று கேட்கிறோம். அந்த வசந்தசேனையின் மோகத்திலே மூழ்கி, பட்டத்தரசியைப் பழித்து, பெற்ற பிள்ளையைச் சங்கிலியால் பிணைத்து அவையிலே நிறுத்தச் சொன்னானே ஓர் அரசன், அவன் பெயர் என்ன? சற்று யோசியுங்கள். நூறு பேரிலே பத்துப் பேர் சொன்னால் அதிகம். புருஷோத்தமன் என்பது அவன் பெயர். மதி கெட்டவன் அவன், மகுடத்தை மஞ்சத்திலே அடகு வைத்தவன் அவன், நீதி தவறியவனும் அவனே. ஆனால் எந்தத் தெருவிலாவது எந்த ஆணையாவது புருஷோத்தமன் என்று வைதது உண்டா? இல்லை! ஆணின் பெயர் மறந்துபோயிற்று. பெண்ணின் பெயர் வசவாகிப் போயிற்று!

இந்த ஓரவஞ்சனையை எண்ணும்போதுதான் அந்த வேடத்தைத் தாங்கி நடித்த அம்மையாரின் வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும் என்ற ஆர்வம் நமக்கு மிகுகிறது. அவர்தான் டி.ஆர். ராஜகுமாரி.

தஞ்சையிலே பிறந்த ராஜாயி

1922-இல் தஞ்சையிலே பிறந்தவர். வீட்டிலே வைத்த பெயர் ராஜாயி. இசையையும் நடனத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த இசை வேளாளர் குடும்பம். பாட்டி குஜலாம்பாள் பாடகி. தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். அந்தக் காலத்திலே அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்குச் சமுதாயம் என்ன இடம் கொடுத்து வைத்திருந்தது? அவள் பாட்டைக் கேட்பார்கள், பந்தியிலே சேர்க்கமாட்டார்கள். ஆடலைக் காண்பார்கள், அண்டை வீட்டிலே குடியேறவிடமாட்டார்கள். இரவிலே அவள் வீட்டுத் திண்ணையை நாடிய அதே பெரிய மனிதர்கள், பகலிலே அவளைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராக நடந்து முழங்கினார். அதன்பிறகே பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறிற்று.

அந்தச் சட்டம் வருமுன்னே, அந்தச் சிறையிலிருந்து வெளியேற ஒரு சன்னல் திறந்தது. அதுதான் சினிமா. மேல்வீட்டுக்காரர்கள் தங்கள் பெண்களைக் காமிராவின் முன் அனுப்ப அஞ்சிய நாளிலே, கலை கற்ற இந்தப் பெண்கள் துணிந்து வந்தார்கள். தமிழ்ப் படவுலகை முதலிலே தாங்கிப் பிடித்த தோள்கள் அவர்களுடையவை. ராஜாயியின் சித்தி எஸ்.பி.எல். தனலட்சுமியும் ஒரு நடிகை. அவரைக் காண வந்த டைரக்டர் கே. சுப்பிரமணியத்தின் கண்ணிலே, வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்த மாநிறத்து இளம்பெண் பட்டாள் என்றும், தேடி வந்த கதாநாயகி இவளே என்று அவர் முடிவு செய்தார் என்றும் சினிமா வரலாறு எழுதுவோர் கூறுவர். ராஜாயி, ராஜகுமாரியானார். 1941-இல் 'கச்ச தேவயானி' வந்தது, பெயர் பரவியது. அடுத்த ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'மனோன்மணி'யிலே பி.யு. சின்னப்பாவுடன் நடித்தார். 1943-இல் தியாகராஜ பாகவதருடன் 'சிவகவி'. தமிழ்நாட்டு இளைஞர்கள் கனவுக்கன்னி என்று முதன்முதலிலே கொண்டாடியது இவரைத்தான்.

ஒரு கோபுரம், இரண்டு கதைகள்

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. சென்னை பிராட்வே கொட்டகையிலே 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். பாகவதரும் கலைவாணரும் லட்சுமிகாந்தன் கொலைவழக்கிலே சிக்கிச் சிறையில் வாடிய நாளிலும் ஓயாமல் ஓடிய படம். அதிலே ரம்பா என்னும் தாசி வேடம் ராஜகுமாரிக்கு. மனைவி வேடத்திலே இசைவாணி என்.சி. வசந்தகோகிலம். மன்மதனின் லீலையைப் பாடிக்கொண்டு பாகவதர் நிற்க, ராஜகுமாரி கையிலே முத்தம் வைத்துக் காற்றிலே பறக்கவிட்ட காட்சிக்கு நாடே கிறுகிறுத்தது.

கதை என்ன? செல்வச் சீமான் ஒருவன் தாசி வலையிலே விழுகிறான், பெற்றோரைப் புறக்கணிக்கிறான், பொருளை இழக்கிறான், பிறகு திருந்துகிறான், பக்தனாகிறான். இதைக் கேட்டதும் நம் திருவண்ணாமலைத் தோழர்கள் இது எங்கள் ஊர்க் கதையாயிற்றே என்பார்கள். ஆம்! அருணகிரிநாதரைப் பற்றி வழங்கும் கதையும் இதே கதைதானே! தாசிகள் வீட்டிலே சொத்தைத் தொலைத்தார், நோயாளியானார், கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் தாங்கினான் என்பார்கள். எந்தக் கோபுரம்? வல்லாள கோபுரம் என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள்.

அந்த வல்லாள மகாராஜனின் கதை என்ன? சிவனடியார் வேடத்திலே வந்தவர் ஒரு தாசி வேண்டும் என்று கேட்டாராம். ஊரிலே இருந்த தாசியர் எல்லோரும் அன்றிரவுக்குப் பேசி முடிக்கப்பட்டுவிட்டார்களாம். சொன்ன சொல் தவறாத மன்னன் தன் இளைய அரசியையே அனுப்பினானாம். நம் வட்டாரத்துத் தெருக்கூத்திலே விடிய விடிய நடக்கும் கதை இது.

கூர்ந்து கவனியுங்கள். ஒரு கதையிலே விழுந்து எழுந்த ஆண் அருளாளராகிறார். மற்றொரு கதையிலே மனைவியை அனுப்பிய மன்னன் மகிமை பெறுகிறான். இரண்டிலும் வருகிற தாசிகளின் கதி என்ன? அவர்கள் யார், பெயர் என்ன, யார் அவர்களை அந்தத் தொழிலிலே தள்ளினார்கள் என்று கேட்பார் இல்லை. ஆணுக்குத் திருந்த வழி உண்டு, பெண்ணுக்குப் பழி மட்டும் உண்டு. 'ஹரிதாஸ்' அந்தப் பழைய வாய்பாட்டைத்தான் வெள்ளித்திரையிலே ஒப்பித்தது. அந்தப் பழியைச் சுமக்கும் முகமாக ராஜகுமாரியின் முகம் அமைந்துவிட்டது.

ஆனால் அந்த முகத்துக்கு வேறு ஆற்றலும் உண்டு என்பதை நிறுவியது 1948. ஜெமினி எஸ்.எஸ். வாசன், ஏறத்தாழ 30 லட்சம் ரூபாயைக் கொட்டி எடுத்த 'சந்திரலேகா'வின் நாயகி இவர்தான். அண்ணன் தம்பி இருவர் அரியணைக்கும் அவளுக்கும் போரிட, சர்க்கஸ்காரியாகவும் நாடோடியாகவும் நடனமாதாகவும் உருமாறி, மாபெரும் முரசுகளின் மேலே ஆடினார். படம் இந்தியிலும் வெளியாகி வடநாட்டுக் கொட்டகைகளையும் நிரப்பிற்று. தஞ்சை ராஜாயியை இந்தியா முழுவதும் பார்த்தது.

வேடப் பொருத்தம்

ஆறாண்டுகள் கழிந்தன. பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' நாடகத்தைப் படமாக்க ஜூபிடர் நிறுவனம் முன்வந்தது. சுகுண விலாச சபை நாளிலும் பாய்ஸ் கம்பெனி நாளிலும் ஆண்களே சேலை கட்டி அரசியாகவும் ஆசைநாயகியாகவும் நின்ற நாடகம் அது. படத்துக்கு டைரக்டர் எல்.வி. பிரசாத். திரைக்கதை வசனம் நம் கலைஞர் கருணாநிதி. 'பராசக்தி'யால் புகழேணி ஏறியிருந்த சிவாஜி கணேசன் மனோகரன்.

பட்டத்தரசி பத்மாவதியாக யார்? பி. கண்ணாம்பா. 1942-இல் கண்ணகியாக நின்று நீதி கேட்டவர். வசந்தசேனையாக யார்? 1944-இல் ரம்பாவாக நின்று ஹரிதாசனை மயக்கியவர். இதிலே அடங்கியிருக்கிறது வேடம் வகுத்தவர்களின் நுட்பம். இரண்டு முகங்களும் திரையிலே தோன்றிய கணத்திலேயே, தரை டிக்கெட்டிலே மணலைக் குவித்து அமர்ந்து மல்லாட்டை கொறித்துக்கொண்டிருக்கும் உழைப்பாளித் தோழனுக்கு, யார் கற்பின் கனல், யார் கபடத்தின் நிழல் என்று ஒரு சொல்லும் சொல்லாமலே விளங்கிவிடும்!

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது ராஜகுமாரிக்கு வயது 32-ஐத் தாண்டவில்லை. நாட்டின் கனவுக்கன்னியாக வலம்வந்தவர், வளர்ந்த பிள்ளைக்குத் தாயாக, அதுவும் ஊரே வெறுக்கும் தாயாக நடிக்க ஒப்புவதென்றால் எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! அசட்டுப் பிள்ளை வசந்தனாக வந்தவர் காகா ராதாகிருஷ்ணன். உண்மையிலே அவருக்கும் அம்மையாருக்கும் சில ஆண்டுகளே இடைவெளி. கண்ணாம்பாவின் குரல் இடியாக முழங்க, சிவாஜியின் வசனம் எரிமலையாகக் குமுற, இவர் என்ன செய்தார்? அதிர்ந்து பேசவில்லை. புருவத்தை உயர்த்தினார், இதழோரத்திலே ஒரு சிரிப்பை ஒளித்துவைத்தார், அரசன் பக்கம் அரைப்பார்வை பார்த்தார். அந்த அரைப்பார்வைக்கு முன்னே அத்தனை இடியும் எரிமலையும் தேவைப்பட்டன! வில்லியின் வல்லமை குறைந்தால் வீரனின் வெற்றிக்கு என்ன மதிப்பு? சங்கிலி அறுந்தபோது கொட்டகை அதிர்ந்ததே, அந்த அதிர்ச்சியிலே பாதி ராஜகுமாரிக்குச் சொந்தம்.

தாய்மார்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தத் திட்டுத்தான் நடிகைக்குக் கிடைத்த மாலை. ஆனால் திட்டு வேடத்தோடு நின்றிருக்க வேண்டும்.

திரைக்கு வெளியே

வேடத்திலே அரசை அழித்தவர், வாழ்விலே எதை அழித்தார்? எதையும் அழிக்கவில்லை, ஆக்கினார். தம்பி டி.ஆர். ராமண்ணாவுடன் சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் என்ற படக்கம்பெனி கண்டார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' 1954-இல் அந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்தது. மறு ஆண்டு 'குலேபகாவலி' வந்தது. அதிலே சூதாடி வெல்லும் லக்பேஷா இவரே. சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரிலே தம் பெயரிலேயே ராஜகுமாரி தியேட்டரை எழுப்பினார். நடிகை ஒருத்தி சொந்தமாகக் கொட்டகை கட்டுவது அந்நாளிலே கேட்டறியாத செய்தி! 1959-இல் 'தங்கப்பதுமை'யிலே மீண்டும் மயக்கும் மாது வேடம். 1963-இல் 'வானம்பாடி'. அத்தோடு திரையை விட்டு விலகினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. உடன்பிறந்தார் குடும்பத்தையே தம் குடும்பமாகக் கொண்டார். 1999 செப்டம்பர் 20-இல் மறைந்தார். அந்தக் கொட்டகையும் இன்று இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள் தோழர்களே! உழைத்தார், சம்பாதித்தார், தம்பியை உயர்த்தினார், தொழில் நடத்தினார், பலருக்குப் பிழைப்புக் கொடுத்தார். இதிலே எங்கே இருக்கிறாள் வசந்தசேனை?

நமக்கு இருக்கும் கடமை

ஐம்பதுகளிலே நம் இயக்கத்தைக் கூத்தாடிகளின் கூட்டம் என்று எள்ளி நகையாடினார்கள் மாற்றார். நாடகமாடுகிறவர்களுக்கு நாடாளத் தெரியுமா என்று கெக்கலித்தார்கள். 1957-இல் கழகம் முதன்முதலாகத் தேர்தல் களம் இறங்கியபோது, நாடாளுமன்றத்துக்குச் சென்ற இருவரிலே ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பி அந்த ஏளனத்துக்கு விடை கொடுத்தது நம் திருவண்ணாமலைத் தொகுதி! பிறகு நாடே விடை கொடுத்தது 1967-இல். கூத்தாடி என்ற சொல்லின் கொடுக்கு எப்படிக் கொட்டும் என்று நமக்குத் தெரியும். பட்டவர்கள் நாம். நாமே இன்னொருவர் மீது அதே கொடுக்கை ஏவலாமா?

மேடையிலே மாற்றுக் கட்சிப் பெண் ஒருவரைத் தாக்க வேண்டுமானால் அவர் கொள்கையைத் தாக்குங்கள், ஊழலைத் தாக்குங்கள், ஆட்சியின் அவலத்தைப் புள்ளிவிவரத்தோடு தாக்குங்கள். வசந்தசேனை என்று சொல்லிக் கைதட்டல் வாங்க வேண்டாம். அந்தக் கைதட்டல், முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டத்துக்கு எதிராக ஒலிக்கும் கைதட்டல். தாசி என்று பழித்தவர்களின் வாரிசுகள் எழுப்பும் ஒலி. 'மனோகரா'வை எழுதிய பேனாவுக்கு உரியவர் இசை வேளாளர் குலத்திலே பிறந்து, பெரும் பழிச்சொற்களைத் தாங்கி, ஐந்து முறை முதலமைச்சரானார் என்பதை மறவாதீர்கள். மூவலூர் அம்மையார் பெயரால் திட்டம் வகுத்து ஏழைப் பெண்களைக் கரையேற்றியவரும் அவரே.

'மனோகரா' கதை யாருக்கு எதிரானது? அறிவை அந்தப்புரத்திலே பறிகொடுத்த மன்னனுக்கு எதிரானது, கேள்வி கேட்பாரற்ற முடியாட்சிக்கு எதிரானது. அதைப் பார்த்துவிட்டு மன்னனை மன்னித்து மாதை மட்டும் ஏசுகிறவன், படத்தையே சரியாகப் பார்க்காதவன்.

ஆடல் குலத்துப் பெண்ணுக்கும் அன்பும் அறமும் உண்டு என்று மாதவியைப் படைத்தார் இளங்கோ. மாதவியின் மகள் மணிமேகலை கையிலே பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியைக் கொடுத்தார் சாத்தனார். அப்படிப்பட்ட இலக்கியத்தின் வழிவந்த தமிழனுக்கு, திரையிலே வில்லியைக் கண்டு சினக்கவும் தெரிய வேண்டும், திரை விழுந்ததும் நடிகைக்குக் கைகூப்பவும் தெரிய வேண்டும்.

இனி 'மனோகரா'வைப் பார்க்கும் தோழர்கள் மனோகரனுக்குக் கைதட்டுங்கள், பத்மாவதிக்குக் கண்ணீர் சிந்துங்கள். வசந்தசேனை தோன்றும்போது வேடத்தை வெறுத்து, வேடம் கட்டியவரை வியந்து, ஒரு கைதட்டலை அவருக்கும் கொடுங்கள். ஏச்சுக்கு ஒருவர் பெயர் தேவைப்பட்டால், இதோ இருக்கிறான் புருஷோத்தமன்!