வெள்ளத்தைக் கணக்கிட்ட பேரறிஞர்

வெள்ளம் வடிந்த மறுநாளே அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் அறுதியிட்டுக் கூறுவோருக்கு எக்காலத்திலும் குறைவிருப்பதில்லை. மக்களின் துயர் கண்டு எழும் அவசரம் அது. ஆயினும், தவறான பரிகாரத்துக்குக் கொட்டப்படும் பணம் அடுத்த வெள்ளத்தில் அம்மக்களைக் காப்பாற்றாது. இவ்வுண்மையைக் கணக்கின் துணைகொண்டு நிலைநாட்டியவர் பேராசிரியர் பிரசந்த சந்திர மகலனோபிஸ். இந்தியாவின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்தவராகவே அவரைப் பலரும் அறிவர். ஆறுகள் தொடர்பாக அவர் ஆற்றிய பணியை இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

1893 ஜூன் 29 ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்த மகலனோபிஸ், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பயின்றார். தாயகம் திரும்பியதும் கல்கத்தா பிரெசிடென்ஸி கல்லூரியில் கற்பித்தார். புள்ளிவிபரவியல் தனியொரு துறையென இந்தியாவில் கருதப்படாத அக்காலத்தில் அதன்பால் அவர் பெரிதும் ஈர்க்கப்பட்டார். 1922 முதல் 1926 வரை அலிப்பூர் வானிலை அவதான நிலையத்திலும் கடமையாற்றினார்.

1922 இல் வட வங்காளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. இரசாயனவியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் முன்னின்று நிவாரணப் பணிகளை நடத்தினார். இனியொரு வெள்ளத்தைத் தடுக்கப் பெருஞ்செலவில் நீர்தாங்கு தேக்கங்கள் அமைக்கப்பட வேண்டுமெனப் பொறியியலாளர்கள் கூறினர். மகலனோபிஸ் 1870 முதல் 1922 வரையான மழைவீழ்ச்சி, வெள்ளப் பதிவுகளை ஒப்புநோக்கினார். அத்தேக்கங்களால் பயன் விளையாது என்றும், நீர் விரைந்து வடிவதற்கு வழி செய்வதே தேவை என்றும் 1927 இல் அறிக்கையிட்டார்.

1926 இல் ஒரிசாவின் பிராமணி ஆறு பெருக்கெடுத்தது. ஆற்றுப்படுக்கை மேடாகிவிட்டது என்றும், ஆற்றோரத்து மண் அணைகளை மேலும் உயர்த்த வேண்டும் என்றும் பொறியியலாளர் தரப்பு கருதியது. மகலனோபிஸோ 1868 முதல் 1928 வரையான ஆற்று நீர்மட்டத்தையும் நீரேந்துப் பகுதிகளின் மழைவீழ்ச்சியையும் ஆராய்ந்தார். படுக்கை உயர்ந்தமைக்குச் சான்று கிடைக்கவில்லை. நீரேந்துப் பகுதியில் கொட்டித் தீர்த்த மழையே காரணமெனக் கண்டறிந்து, மிகைநீரை மேற்பகுதியில் அணைகட்டித் தேக்குமாறு பரிந்துரைத்தார். மூன்று தசாப்தங்களின் பின்னர், 1957 இல், மகாநதிக்குக் குறுக்கே ஹிராகுட் அணை திறந்துவைக்கப்பட்டது. அவ்வணைக்கு அவரது ஆய்வு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

அவர் எடுத்தாண்ட தரவுகள் புதியவை அல்ல என்பது நம் சிந்தனைக்குரியது. மழைமானியையும் நீர்மட்ட அளவுகோலையும் நாள்தோறும் பார்த்துக் குறித்துவைத்த, பெயரறியா ஊழியர்களின் உழைப்பு அது. அரச அலுவலகங்களில் உறங்கிக்கிடந்த அவ்வெண்களைப் பேசவைத்ததே மகலனோபிஸ் செய்த சாதனை. ஒரு நாட் குறிப்பு தவறினால், பின்னொரு நாள் உயிர்காக்கும் முடிவுக்கான சான்றில் ஓர் இடைவெளி விழுகின்றது.

எனினும், கணக்கு மட்டும் நீதி வழங்கிவிடாது. ஹிராகுட் நீர்த்தேக்கத்துக்காக ஓர் இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் தம் வாழ்விடங்களை இழந்தனர். எது வெள்ளத்தைத் தணிக்கும் என்பதை அறிவியல் காட்டும்; அதற்கான விலையை யார் செலுத்துவது என்பதை ஆட்சியாளரே மனச்சாட்சியுடன் தீர்மானிக்க வேண்டும்.

1931 இல் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தை நிறுவிய அப்பெருமகனார், தமது 79 ஆவது பிறந்தநாளுக்கு முன்தினம், 1972 ஜூன் 28 ஆம் திகதி மறைந்தார். ஆற்றங்கரையில் வாழ்வோரின் உயிர் ஊகங்களில் தங்கியிருத்தல் ஆகாது என்பதே அவரது வாழ்வு உணர்த்தும் பாடம். பெருமழைக்குப் பின்னர் அன்றி, அதற்கு முன்னரே பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கும் அரசே மக்களைக் காக்கும் அரசாகும் என நாம் கருதுகின்றோம்.