மயக்க மருந்து கொடுத்த மாதரசி

கால் விரல் நகத்தை எடுப்பது சின்ன ஆபரேஷன். அதற்காக 1848-ம் ஆண்டு இங்கிலாந்தில் 15 வயதுப் பெண் ஒருத்திக்குக் குளோரோபாரம் என்ற மயக்க மருந்து கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்து போனாள்.

மருந்து குறைந்தால் நோயாளி வலியால் துடிப்பார். கூடினால் உயிருக்கே ஆபத்து. சரியான அளவு எது?

நிஜாம் ஆண்ட ஐதராபாத்தில் டாக்டர் எட்வர்டு லாரி இதை ஆராய்ந்தார். 1889-ம் ஆண்டு ஆராய்ச்சிக்கு நிஜாம் பணம் கொடுத்தார்.

லாரியின் மாணவி ரூபாபாய் பர்தூன்ஜி. பார்சிப் பெண். 1885-ல் ஐதராபாத் மருத்துவப் பள்ளியில் சேர்ந்த 5 பெண்களில் ஒருவர். 1889-ல் பட்டம் பெற்றார்.

நோயாளியின் மூச்சைக் கவனித்துக்கொண்டே மருந்து கொடுப்பதுதான் அங்கே கற்றுத் தந்த முறை. மூச்சில் மாறுதல் தெரிந்தால் உடனே மருந்தை நிறுத்த வேண்டும். 1917 வரை ஐதராபாத் ஆஸ்பத்திரிகளில் ரூபாபாய் இந்த வேலையைச் செய்தார். உலகின் முதல் பெண் மயக்க மருந்து டாக்டர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

அவர் அதோடு நிற்கவில்லை. 1909-ல் கடல் கடந்து எடின்பரோ சென்று, பௌதிகமும் ரசாயனமும் படித்தார். திரும்பி வந்து, சாதர்காட் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பிலிருந்து 1920-ல் ஓய்வு பெற்றார்.

மூச்சை மட்டும் பார்த்தால் போதாது, மருந்து இதயத்தையும் தாக்கும் என்பது பிறகு தெரிந்தது. குளோரோபாரமும் வழக்கொழிந்தது.

இன்று சேலத்திலோ நாமக்கல்லிலோ சின்ன ஆபரேஷன் என்றாலும், வயதையும் எடையையும் கேட்டே மருந்தை அளக்கிறார்கள். நோயாளி கண் விழிக்கும்வரை ஒருவர் அருகில் இருந்து கவனிக்கிறார். அன்று ரூபாபாய் இருந்த இடம் அது.